ஏற்காட்டுக்கு லோடு ஏற்றும் லாரி உரிமையாளர்களுக்கு, ஸ்டாப்பர் போல்ட் பற்றி

அன்புள்ள உரிமையாளர்களுக்கு,

"மலையில லாக் பத்தல மேஸ்திரி, ஸ்டாப்பரைக் கொஞ்சம் உள்ள தள்ளி விடு." சேலத்துப் பட்டறைகளில் இந்தப் பேச்சைக் கேட்காத ஸ்டியரிங் மெக்கானிக் இருக்க முடியாது. லாக் என்பது முன்சக்கரம் கடைசி வரை திரும்பும் அளவு; அதற்கு எல்லை வைப்பது ஸ்டாப்பர் போல்ட். உங்கள் டிரைவர்களின் கஷ்டம் புரிகிறது. அடிவாரத்திலிருந்து ஏற்காடு போய்ச் சேர 20 கொண்டை ஊசி வளைவுகள். ஜல்லி ஏற்றிய வண்டி ஒரே வீச்சில் திரும்பாவிட்டால் ரிவர்ஸ் எடுக்க வேண்டும். அதற்குள் மேலிருந்து வரும் கார் மூக்கை நுழைத்துவிடும். மலையில் ஏறும் வண்டிக்குத்தான் முதலில் வழி என்பது கோடை விழாக் கூட்டத்துக்கு யார் சொல்வது?

ஆனாலும் ஸ்டாப்பரை மட்டும் தள்ளி வைக்கச் சொல்லாதீர்கள். அதில் நீங்கள் நினைக்கிற லாபம் கிடைக்காது.

முன்சக்கரத்தைத் தாங்கி அதோடு சேர்ந்து திரும்பும் ஸ்டப் ஆக்சிலில் இருக்கும் அந்தப் போல்ட், சக்கரம் இவ்வளவுதான் திரும்பலாம் என்று ஆக்சிலில் முட்டி நிற்கிறது. இடது லாக்குக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. இது கண்ணுக்குத் தெரிகிற பாதிதான். மீதி பவர் ஸ்டியரிங் பாக்ஸுக்குள் இருக்கிறது. போல்ட் முட்டுவதற்குச் சற்று முன்னால் ஆயில் அழுத்தத்தைத் தளர்த்திவிடும் சின்ன வால்வுகள் பல பாக்ஸ்களில் உண்டு. அவை பழைய லாக்குக்குக் கணக்காக வைக்கப்பட்டவை. போல்ட்டை மட்டும் உள்ளே தள்ளினால், திருகு வைத்த பாக்ஸில், அதாவது வால்வு திறக்கும் இடத்தைத் திருகால் கையில் அமைக்கும் வகையில், வால்வு பழைய இடத்திலேயே திறக்கும். அப்புறம் நீங்கள் கூட்டிய அந்தக் கடைசிப் பகுதியில் பவர் இருக்காது. வளைவின் நடுவில், பாரத்தோடு, டிரைவர் வெறும் கையால் இழுக்க வேண்டும். லாக் கேட்டு வந்தவர் மறுவாரம் "ஸ்டியரிங் கனக்குது" என்று வந்து நிற்பது இதனால்தான்.

போல்ட்டையே கழற்றிவிட்ட வண்டிகளின் கதை இன்னும் மோசம். டயர், ஸ்டியரிங் பாக்ஸின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பியான டிராக் லிங்க்கிலோ, பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டையிலோ போய் உரசும். குனிந்து பார்த்தால் டயரின் உள்பக்கச் சுவரில் வட்டமாக ஒரு கறுப்புப் பளபளப்பு, டிராக் லிங்க்கில் அதே உயரத்தில் பெயின்ட் போய் வெள்ளிபோல மின்னும் இரும்பு. அங்கேயும் எதுவும் தடுக்கவில்லை என்றால் பாக்ஸுக்குள்ளேயே கியர் கடைசி வரை போய் முட்டும். பம்ப் முழு அழுத்தத்தில் கத்தும், ஆயில் கொதிக்கும், சீல் போகும். பாக்ஸிலிருந்து டிராக் லிங்க்கை அசைக்கும் டிராப் ஆர்மும், அவற்றை இணைக்கும் உருண்டை மூட்டான பால் ஜாயின்ட்டும் தாங்க வேண்டிய அடி வேறு.

வண்டி உண்மையிலேயே திரும்பவில்லை என்றால் முதலில் வேறு இடங்களைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் லாக் குறைகிறதா? டிராப் ஆர்மை ஒரு பல் தள்ளிப் போட்டிருக்கலாம், டிராக் லிங்க் வளைந்திருக்கலாம். சக்கரம் நேராக நிற்கும்போது பாக்ஸும் நடுவில் நிற்க வேண்டும். அது சரியில்லாமல் ஸ்டாப்பரில் கை வைப்பது வீண் வேலை. ஸ்டப் ஆக்சில் திரும்புவதற்கு அச்சாக இருக்கும் கிங்பின் இறுகியிருந்தாலும் டிரைவருக்கு லாக் பத்தாத மாதிரிதான் தோன்றும். பழைய டயரை எடுத்துவிட்டு அகலமான டயர் போட்டீர்களா, அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அப்போது ஸ்டாப்பரை வெளியே இழுத்து லாக்கைக் குறைக்கத்தான் வேண்டியிருக்கும். கேட்க உங்களுக்குப் பிடிக்காது, தெரியும்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் ஸ்டாப்பரை மாற்ற வேண்டும் என்றால், வேலையை முழுதாகக் கொடுங்கள். லோடோடு வண்டியை விடுங்கள். பாரத்தில் பட்டை தாழும்போது இடைவெளிகள் மாறும். இரண்டு பக்கமும் முழு லாக்கில் டயர் எதிலும் படாமல் கம்பெனி கையேடு சொல்லும் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்து, லாக் நட்டை இறுக்கி, அதற்குப் பிறகு பாக்ஸின் வால்வுகளையும் சரிபார்க்க வேண்டும். திருகு வைத்த பாக்ஸ் என்றால் கையால் சரிசெய்யலாம். வால்வு தானாக அமைந்துகொள்ளும் வகை பாக்ஸில் லாக்கைக் குறைத்தால் திரும்ப அமைக்கத் தனி வேலை உண்டு. இது அரை மணி நேரத்தில் "டீ குடிச்சிட்டு வர்றேன்" என்று முடிகிற வேலை இல்லை.

மோட்டார் வாகன விதிப்படி ஸ்டியரிங் ஆட்டம், அதாவது சக்கரம் அசையாமல் ஸ்டியரிங் மட்டும் சும்மா திரும்பும் அளவு, 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்பதால் எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுச் சோதனைக்கு முன்னால் ஆட்டத்தை மட்டும் எடுத்துக் கேட்கிறீர்கள். அதே நாளில் ஸ்டாப்பரையும் பார்க்கச் சொல்லி ஜாப் கார்டில் ஒரு வரி எழுதிவிடுங்கள். டிரைவரிடமும், முழு லாக்கில் ஸ்டியரிங்கை முறுக்கிப் பிடித்துக்கொண்டே நிற்காமல், முட்டியதும் கொஞ்சம் தளர்த்தச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சேலத்து ஸ்டியரிங் மெக்கானிக் ஒருவன்