கோப்பை உண்டு, பட்டம் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி சேரும் நம் வட்டாரப் பிள்ளைகள் பலர் கை நிறையக் கோப்பைகளோடும் தேறாத தாள்களோடும் வெளியேறுவதை, முப்பது ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்த நான் பார்த்து வந்திருக்கிறேன். ஆட்டக்காரனுக்குப் படிப்பு ஏறாது என்னும் எண்ணம் பெற்றோரைவிடக் கல்லூரிகளிடமே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அப்படி எண்ணுவோர் ஆலன் பேஜ் என்னும் அமெரிக்கக் கால்பந்து வீரரைப் பற்றி அறிந்துகொள்வது நல்லது.

அது நாம் அறிந்த கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, மோதி முன்னேறும் ஆட்டம். பேஜ் தடுப்பு வரிசையில் நின்றவர். எதிரணியில் பந்தை வீச முனைபவரை, வீசுவதற்குள் பாய்ந்து சாய்ப்பது அவர் வேலை. கபடியில் பாடி வருபவரை மடக்கிப் பழகியவர்களுக்கு அதன் அருமை சொல்லாமலே விளங்கும். ஒஹையோ மாநிலத்தின் கேண்டன் நகரில் 1945இல் பிறந்த அவர், 1966இல் தேசிய வாகை சூடிய நோட்ர டேம் பல்கலைக்கழக அணியில் ஆடி, மறு ஆண்டே மினசோட்டா வைக்கிங்ஸ் என்னும் தொழில்முறை அணிக்குத் தேர்வானார். 1971இல் அந்தப் பருவத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருது, தடுப்பாட்டக்காரர் ஒருவருக்கு முதன்முறையாக, அவருக்குக் கிடைத்தது. அந்த ஆட்டத்தின் தொழில்முறை வாகையரை முடிவுசெய்யும் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் நான்கு முறை ஆடி நான்கிலும் தோற்றவர் என்பதையும் மறைப்பதற்கில்லை.

நான் வியப்பது வேறொன்றை. அணியில் ஆடிக்கொண்டிருக்கும்போதே மினசோட்டா பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று 1978இல் பட்டம் பெற்றார். அதே ஆண்டு வைக்கிங்ஸ் அவரை விடுவித்தது. சிகாகோ பேர்ஸ் அணிக்குச் சென்று 1981 வரை ஆடினார். பின்னர் 1993 முதல், 70 வயதில் ஓய்வுபெற்ற 2015 வரை, மினசோட்டா மாநில உச்ச நீதிமன்ற நீதிபதியாக விளங்கினார். அந்த மன்றத்தில் அமர்ந்த முதல் கறுப்பினத்தவர் அவரே.

ஒத்தக்கடை உயர் நீதிமன்றக் கிளையைக் கடக்கும்போதெல்லாம் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொன்னதுண்டு. ஆனால் எல்லோரும் நீதிபதியாக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. செக்கானூரணிப் பக்கத்து மாணவன் ஒருவன் நல்ல கபடி வீரன். பருவத்தேர்வும் பல்கலைக்கழகப் போட்டியும் ஒரே வாரத்தில் வந்தபோது, அவன் கல்லூரி அவனைப் போட்டிக்கு அனுப்பியது, வருகைப்பதிவும் கொடுத்தது, விடுபட்ட தாள்களுக்கு மட்டும் வழி செய்யவில்லை. இப்படியே அரியர் சேர்ந்து, இன்று ஐந்து தாள்கள் பாக்கியோடு சரக்கு வண்டி ஓட்டுகிறான். உழைத்துப் பிழைப்பதில் இழிவில்லை. ஆனால் பட்டம் கேட்கும் எந்த விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கும் அவனால் விண்ணப்பிக்க இயலவில்லை.

ஆகவே, கல்லூரியின் பெயரில் போட்டிக்கு அனுப்பப்படும் மாணவருக்கு, விடுபட்ட தாள்களை அதே பருவத்துக்குள் தனித்தேர்வாக எழுதவும், பயிற்சி முடிந்த மாலை வேளைகளில் விடுபட்ட பாடங்களைக் கேட்கவும் பல்கலைக்கழகமும் கல்லூரிகளும் ஏற்பாடு செய்ய வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.