சனிக்கிழமை பத்து மணி: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வும் விடுமுறையும் முடிந்து பிள்ளைகள் திரும்பிவிட்டார்கள். முதல் பருவம் நல்லபடியாகவே போனது. குறுவட்டப் போட்டியில் நம் கபடி அணி நன்றாக ஆடியது. கலைத் திருவிழாவில் நிறையப் பேர் கலந்துகொண்டார்கள். எட்டாம் வகுப்பினர் தேசிய வருவாய்வழி உதவித்தொகைத் தேர்வுக்குத் தயாராகிறார்கள். குடிநீர்த் தொட்டியும் கழுவியாயிற்று. எல்லோருக்கும் பாராட்டு.

சரி, சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வழிகாட்டிகளாக இருக்க முன்னாள் மாணவர்களையும் பெற்றோரில் சிலரையும் கேட்டிருந்தோம். பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி முடிவெடுத்ததுதான். சனிக்கிழமை பத்து மணிக்கு ஒரு மணி நேரம். ஜூலையில் 22 பேர் வந்தார்கள். போன சனிக்கிழமை 9 பேர்.

அன்று ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட் ஓரத் திண்டில் பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தான். அவனுடைய வழிகாட்டி வந்து மூன்று வாரம் ஆகிறது. "வீட்டுக்குப் போப்பா" என்றேன். "அண்ணனுக்கு ஷிப்ட் மாறியிருக்கும் சார், கொஞ்ச நேரம் பார்க்கிறேன்" என்றான். ஷிப்ட் மாறியதாக யாரும் அவனிடம் சொல்லவில்லை. அவனே கண்டுபிடித்துக்கொண்ட காரணம் அது.

கொரோனாவுக்குப் பிறகு 2021இல் இல்லம் தேடிக் கல்வி வந்தபோது நம் ஊர்த் திண்ணைகளில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். பாடம் நடத்திய அக்காமார்கள் எல்லோரும் பெரிய படிப்பு படித்தவர்கள் இல்லை. ஆனால் சாயங்காலமானால் பாயை விரித்து உட்கார்ந்துவிடுவார்கள். பிள்ளைகள் அதை நம்பிப் போனார்கள்.

வழிகாட்டிகளிடம் நான் கேட்பதும் அவ்வளவுதான். வாருங்கள், பிள்ளை பேசுவதைக் கேளுங்கள். வீட்டுப்பாடத்தை நீங்களே எழுதிக் கொடுக்காதீர்கள். "நாங்கள் அந்தக் காலத்தில்" என்று ஆரம்பிக்காமல் இருந்தால் இன்னும் நல்லது (இது எனக்கும் பொருந்தும் என்று வீட்டில் சொல்கிறார்கள்). பத்தாவது முடித்து மூன்றாண்டு டிப்ளமோ படித்தால் பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம் என்று காலை வணக்கக் கூட்டத்தில் பலமுறை சொல்லியிருக்கிறேன். அப்படியே படித்து வந்த நம் பழைய மாணவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்ன பிறகுதான் பிள்ளைகள் காதில் ஏறியது.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம், பதினொன்றாவதுக்குத் தனியார் பள்ளிக்குப் போனால்தான் மருத்துவம் கிடைக்கும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து வரும் பிள்ளை அவள். பன்னிரண்டு வரை இங்கேயே படித்தால்தான் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. மேற்படிப்புக்குப் போகும்போது கிடைக்கும் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் தனியார் பள்ளிக்குப் போனால் கைவிட்டுப் போகும். நல்ல மனதோடு சொன்ன யோசனைதான், ஆனாலும் எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இப்போது கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். முதல் நாள் பிள்ளையோடு போட்டோ எடுத்து "ஏழை மாணவனுக்கு உதவி" என்று ஸ்டேட்டஸில் வைத்துவிட்டு, அப்புறம் இந்தப் பக்கமே வராமல் போவதை நான் அனுமதிக்க மாட்டேன். அப்படிப் போட்டோவில் வந்த பையனின் அம்மா என் அறையில் உட்கார்ந்து அழுதார். இனிமேல் போட்டோ கிடையாது. சந்திப்பு பள்ளி வராண்டாவில், ஆசிரியர் கண்ணில் படும்படி மட்டுமே. பைக்கில் ஏற்றிப் போவது, பணம் கொடுப்பது, ராத்திரி வாட்ஸ்அப்பில் பேசுவது எதுவும் கூடாது. யாராவது தன்னிடம் தவறாக நடந்ததாகப் பிள்ளை சொன்னால், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். உடனே என்னிடம் வாருங்கள், அல்லது குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள். பிள்ளைகள் மீதான பாலியல் குற்றத்தைத் தெரிந்தும் புகார் கொடுக்காமல் இருப்பது போக்சோ சட்டப்படி குற்றம். முன்னறிவிப்பின்றி தொடர்ந்து இரண்டு சனிக்கிழமை வராதவரின் பெயரை எடுத்துவிட்டு, அந்தப் பிள்ளைக்கு வேறு ஆளைப் பார்ப்போம்.

கடுமையாக எழுதிவிட்டேனோ என்று தோன்றுகிறது. வேலை, வீடு, கல்யாணம், காது குத்து எல்லாவற்றுக்கும் நடுவில் வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்குவது லேசில்லை என்று எனக்கும் தெரியும். விடாமல் வந்த ஒன்பது பேருக்கும், பிள்ளைகளை நம்பி அனுப்பிய உங்களுக்கும் மனமார்ந்த நன்றி. நின்றுபோனவர்கள் தயங்காமல் திரும்பி வரலாம், நான் எதுவும் கேட்க மாட்டேன். வர முடியாத வாரத்தில் வெள்ளிக்கிழமை மாலைக்குள் பள்ளிக்கு ஒரு போன் செய்தால் போதும், பிள்ளையிடம் நாங்கள் சொல்லிவிடுகிறோம்.

வரும் சனிக்கிழமை பத்து மணிக்கு டீயும் சுண்டலும் உண்டு.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்