கருவியில் கை வைத்த தேதி எது, ஐயா?

துறைமுகத்தில் கடல் மட்டக் கருவியைப் பராமரிக்கும் அலுவலகத்தின் மதிப்பிற்குரிய அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். சென்னைக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் சொல்லித் தருகிறேன். கருவியை மாற்றிய விவரம் கேட்டு எழுதிய எங்கள் மூன்று கடிதங்களும் உங்கள் மேசையில்தான் இருக்கின்றன, அதனால் முன்கதை வேண்டாம்.

என் மாணவி ஒருத்தி, கடல் மட்டத்தை ரேடாரால் அளக்கும் ஜேசன்-3 செயற்கைக்கோள் வங்கக்கடல் மேல் எடுத்த அளவுகளை உங்கள் கருவியின் பதிவோடு ஒப்பிட்டாள். ஒரு நாள் இரவோடு இரவாக உங்கள் கடல் 4 சென்டிமீட்டர் உயர்ந்திருந்தது. உலகக் கடல்மட்டம் 1993 முதல் சராசரியாக ஆண்டுக்கு 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல்தான் ஏறி வருகிறது. பன்னிரண்டு வருட ஏற்றம் ஒரே ராத்திரியில்! காற்றழுத்தம் பார்த்தாள், ஓதத்தை, அதாவது கடலின் அன்றாட ஏற்ற இறக்கத்தைக் கழித்தாள், தன் கணினி நிரலைச் சந்தேகப்பட்டு இரண்டு முறை திருப்பி எழுதினாள். மூன்று மாதம் போயிற்று. கடைசியில் விடை சொன்னவர் துறைமுகத்தில் டீ விற்பவர்: "தீபாவளிக்கு மொத நாள்தானேம்மா? அன்னிக்குத்தான் பழசக் கழட்டிட்டுப் புதுசு மாட்டுனாங்க."

ஏறியது கடல் இல்லை, கருவி நிற்கும் உயரம்தான் மாறியிருக்கிறது. கருவி மாற்றியதில் தப்பில்லை. மாற்றிய தேதியும், புதியது கரையில் பதித்த மட்டக்குறிக்கு, அதாவது உயரத்தை ஒப்பிட வைத்த நிலையான அடையாளத்துக்கு, எவ்வளவு மேலே நிற்கிறது என்பதும் பதிவில் இல்லை, அதுதான் தப்பு. அந்த ஒரு வரியைத்தான் கேட்கிறோம்.

செயற்கைக்கோள் இருக்கும்போது துறைமுகக் கருவி எதற்கு என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். 1,336 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் அது, அதே இடத்துக்குத் திரும்ப ஏறத்தாழ பத்து நாளாகும். கரையோரம் வந்தால் தரையில் பட்டு வரும் எதிரொலி ரேடாரைக் குழப்பிவிடும். 1992இல் ஏவிய டோபெக்ஸ்/போசைடன் செயற்கைக்கோளின் அளவுகளில் பிழை இருப்பது தெரிந்ததே, துறைமுகக் கருவிகளோடு ஒப்பிட்டதால்தான். கடல் ஏறுகிறதா, கரை இறங்குகிறதா என்று பிரித்துச் சொல்லவும் இரண்டும் வேண்டும். 2013இல் பக்கத்திலேயே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கடல் மட்டம் அளக்க சரல் செயற்கைக்கோளை அனுப்பிய நாடு இது. விண்வெளிக்குப் போக முடிகிறது, நோட்டில் தேதி எழுத முடியவில்லை. ஒருவர் போட்ட சாலையை மறுவாரம் இன்னொருவர் தோண்டும் ஊரில் இதையெல்லாம் எதிர்பார்ப்பது பேராசைதானோ என்னவோ. அந்த டீக்கடைக்காரரையே பதிவாளராகப் போட்டுவிடலாம்.

சரி, கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னியுங்கள். அவள் ஏப்ரலில் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். கருவியில் கை வைத்த தேதிகளையும் மட்டக்குறி அளவுகளையும் அதற்குள் அனுப்பி உதவுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியர்,
சென்னை