போல்ட் மாட்டினால் போதும் என்றீர்கள்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
கால்கரி, ஆல்பர்ட்டா.

பெறுநர்:
மேலாளர், டர்போ விற்பனைப் பிரிவு,
டொராண்டோ.

பொருள்: பாரம் இழுக்கக் கேட்டவனுக்குப் பந்தய டர்போவை விற்றது, பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா,

வணக்கம். செப்டம்பர் மாதம் 2,480 டாலர் கொடுத்து, என் 2006 டாட்ஜ் ராம் 3500 டிரக்குக்கு, எக்ஸாஸ்ட் புகையின் விசையால் சுழன்று எஞ்சினுக்குக் கூடுதல் காற்றை அழுத்தித் தரும் டர்போ ஒன்றை உங்களிடம் வாங்கினேன். அதைப் பற்றி இரண்டு மின்னஞ்சல்கள் அனுப்பிவிட்டேன். முதலாவதற்கு, "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் வந்தது. இரண்டாவதற்கு, "ஓட்டும் முறையைச் சரிபார்க்கவும்" என்று வந்தது. இருபத்திரண்டு வருடமாக ராக்கி மலையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் டிரெய்லர் இழுத்துப் பிழைப்பவன் நான். அந்த ஒரு வரிக்காகவே இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். உங்கள் கடையில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் நான்கு பேராவது இருக்கிறார்கள் என்பது தெரியும். ஆங்கிலத்தில் எழுதினால் மறுபடியும் அச்சடித்த பதில்தான் வரும்.

நான் என்ன கேட்டேன் என்பதை முதலில் நினைவுபடுத்துகிறேன். உங்கள் ஆர்டர் படிவத்தில் "பயன்பாடு" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் எழுதியது இது: 5.9 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சின், ஆறு கியர் கைமுறைப் பெட்டி, எஞ்சின் கணினியின் அமைப்பை மாற்றும் சிறிய டியூனர் ஒன்று, மற்றதெல்லாம் கம்பெனியில் வந்தபடியே. வாரம் இரண்டு நடை, கோல்டன் ஊரிலிருந்து கால்கரிக்குச் சீடர் மரம். டிரெய்லரோடு பாரம் 11,500 பவுண்டு. எஞ்சின் பெரும்பாலும் ஓடுவது நிமிடத்துக்கு 1,600 முதல் 2,200 சுழற்சிக்குள். ஏற்றத்தில் எக்ஸாஸ்ட் வெப்பம் 1,250 ஃபாரன்ஹீட்டைத் தொடுகிறது. அதை 1,100-க்குக் கொண்டுவர வேண்டும். இதற்கு மேல் ஒருவன் எப்படித் தெளிவாகச் சொல்வது?

என் மனத்தில் இருந்தது 63 மில்லிமீட்டர் கம்ப்ரசர், அதாவது டர்போவில் காற்றை உறிஞ்சி அழுத்தும் சக்கரம். கம்பெனியில் வந்த டர்போவான ஹோல்செட் எச்இ351-இல் இருப்பது 58. பாரம் இழுக்கும் வண்டிக்கு ஐந்து மில்லிமீட்டர் கூடினால் தாராளம். தொலைபேசியில் பேசிய தம்பி மரியாதையாகத்தான் பேசினார்; அதில் குறை சொல்ல மாட்டேன். "அண்ணா, 63 எடுத்தால் ஆறு மாதத்தில் 66 கேட்டு வருவீர்கள். இப்போதே 66 எடுத்துவிடுங்கள். விலையும் ஏறக்குறைய ஒன்றுதான், போல்ட் மாட்டினால் போதும்" என்றார். பாரத்தைப் பற்றி மறுபடியும் கேட்டேன். "பெரியது எப்போதும் குளிர்ச்சியாக ஓடும் அண்ணா" என்றார். விற்கிறவருக்குத் தெரியாததா என்று நம்பினேன்.

பெட்டி வந்தது. திறந்ததும் முதலில் கையில் பட்டது ஒரு இரும்புத் தகடு. என் எஞ்சினின் புகையைத் திரட்டி டர்போவுக்கு அனுப்பும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் இருப்பது டி3 அளவு விளிம்பு. நீங்கள் அனுப்பிய டர்போவில் இருப்பது அதைவிடப் பெரிய டி4. இரண்டையும் சேர்த்துவைக்க இந்த இடைத்தகடு. இப்படி ஒரு தகடு வரும் என்று விளம்பரத்தில் ஒரு வார்த்தை இல்லை. தகடு வந்தால் டர்போ கிட்டத்தட்ட ஒரு அங்குலம் மேலே ஏறும். அது ஏறினால் அதோடு சேர்ந்திருக்கும் எல்லாமே இடம் மாறும்.

எனக்கு வேலை செய்யும் மெக்கானிக் இந்த எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுகிறவர். சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கைவைத்தார். பத்தரைக்கு எண்ணெய் வடிகுழாய் எட்டவில்லை என்று கூப்பிட்டார். டர்போவின் அடியிலிருந்து எண்ணெய் தானாக வழிந்து எஞ்சினுக்குள் இறங்க வேண்டிய குழாய் அது; அங்கே நெருக்கிப் பிடித்து இழுத்துக் கட்ட முடியாது, கட்டினால் சீல் வழியாக எண்ணெய் கசியும். வேறொரு குழாய் தேடி வாங்கி வர மதியம் ஆகிவிட்டது. பிறகு கீழே இறங்கும் எக்ஸாஸ்ட் குழாய் நேர்க்கோட்டில் வரவில்லை. அறுத்துத் துண்டு வைத்து வெல்டிங் செய்தார். அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் குழாய் ஒரு பிராக்கெட்டில் உரசியது. வேறு சிலிக்கோன் குழாய். கடைசியாக, பழைய டர்போவில் மிகுதிப் புகையைச் சக்கரத்தைத் தொடாமல் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் கதவைத் திறந்து மூடுவது எஞ்சினின் கணினி. அதற்கான மின்இணைப்பைச் செருக உங்கள் டர்போவில் இடமே இல்லை. மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிந்தது, கடைசிவரை அணையவில்லை. மாலை ஆறரைக்கு அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "போல்ட் மாட்டினால் போதும் என்று சொன்னவரை ஒருநாள் இங்கே வரச் சொல்லுங்கள்" என்றார். அந்த அழைப்பை இந்தக் கடிதத்தின் வழியே சேர்ப்பித்துவிட்டேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஒருமுறை பட்ட பாடு, வண்டி நன்றாக ஓடினால் மறந்துபோகும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை கோல்டனில் மரம் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ஃபீல்ட் ஊரைத் தாண்டியதும் கிக்கிங் ஹார்ஸ் கணவாய்க்கு ஏறும் மேடு உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். எனக்கு அதன் ஒவ்வொரு வளைவும் தெரியும். பழைய டர்போவில் அங்கே ஐந்தாம் கியரில், 1,700 சுழற்சியில், எழுபது கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவேன். பூஸ்ட், அதாவது டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம், 26 பிஎஸ்ஐ காட்டும். அன்று அதே கியர், அதே சுழற்சி, பூஸ்ட் முள் 11-இல் நின்றது. காலை அழுத்தினேன். பின்னால் கண்ணாடியில் பார்த்தால் சாலை தெரியவில்லை, கரும்புகை. வெப்பமானி 1,300, 1,350 என்று ஏறி 1,420-ஐத் தொட்டது. காலை எடுத்துவிட்டேன்.

நான்காம் கியருக்கு இறக்கினேன். கிளட்சை மிதித்த அந்த நொடியில் இருந்த கொஞ்சம் பூஸ்டும் போனது. வண்டி 58-க்கு விழுந்தது. எஞ்சின் 1,950-இல் நின்றது. டர்போ இன்னும் விழிக்கவில்லை. மறுபடியும் இறக்கி, மூன்றாம் கியரில் 2,800 சுழற்சியில் எஞ்சின் கதற, பின்னால் வரிசையாக வந்தவர்கள் விளக்கைப் போட்டுப் போட்டு அணைக்க, மேட்டின் உச்சிவரை அப்படியே போனேன். அந்த 2,800-இல் பூஸ்ட் 34 காட்டியது, வெப்பமும் இறங்கியது; தம்பி சொன்ன "குளிர்ச்சி" அங்கே இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். இந்த எஞ்சினின் முறுக்குவிசை உச்சம் 1,600 சுழற்சியில் என்று கம்பெனிக் கையேட்டிலேயே இருக்கிறது. அதற்கு மேல் ஐந்நூறு அறுநூறு சுழற்சி தாண்டிக் கண் விழிக்கும் டர்போவை வைத்துக்கொண்டு மரம் இழுக்க முடியாது.

1,420 என்பது வெறும் எண் இல்லை. டர்பைனுக்கு, அதாவது புகை சுழற்றும் சக்கரத்துக்கு, முன்னால் வெப்பத்தைத் தொடர்ந்து 1,250-ஐத் தாண்டவிடாதே என்பது டீசல் டிரக்கில் பாரம் இழுக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. பிஸ்டன் அலுமினியக் கலவை. சுத்த அலுமினியம் 660 செல்சியஸில், அதாவது 1,220 ஃபாரன்ஹீட்டில் உருகிவிடும். கீழிருந்து எண்ணெய் பீய்ச்சி அடிப்பதால்தான் பிஸ்டன் தப்பிக்கிறது. வெப்பத்தைக் குறைக்க வாங்கிய பொருள் அதை 170 டிகிரி ஏற்றிவைத்தது.

ஏன் இப்படி என்று ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தேன். கணக்கு ஒன்றும் கடினம் இல்லை. 5.9 லிட்டர் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை மூச்சிழுக்கிறது. பூஸ்டைச் சேர்க்காமல் பார்த்தால், 2,900 சுழற்சியில் நிமிடத்துக்குச் சுமார் 8,500 லிட்டர். 1,700-இல் 5,000 மட்டுமே. வெளியேறும் புகையும் அந்த விகிதத்தில்தான் இருக்கும். நீங்கள் தந்த டர்பைன் 8,500-க்காக வெட்டப்பட்டது. 5,000-இல் வரும் புகை அந்தப் பெரிய வாயில் உட்கார்ந்து கொட்டாவி விடுகிறது, சக்கரத்தைச் சுற்றும் வேகம் அதற்கு இல்லை. டீசல் போகிறது, காற்று இல்லை. அதுதான் புகை, அதுதான் வெப்பம். டர்போ தேர்வில் முதல் கேள்வி எத்தனை குதிரைத்திறன் என்பதா, எந்தச் சுழற்சியில் வேலை என்பதா? என் படிவத்தில் இரண்டாவதற்கான பதில் எண்ணாகவே எழுதியிருந்தது.

முதல் மின்னஞ்சலில் கம்ப்ரசர் வரைபடம் கேட்டிருந்தேன். எந்த அழுத்த விகிதத்தில், எவ்வளவு காற்றுக்கு அது ஒழுங்காக வேலை செய்யும் என்று காட்டும் படம். டர்போ செய்கிறவர்கள் எல்லோரிடமும் இருக்கும். நீங்கள் அனுப்பியது வண்டியின் சக்தியை அளக்கும் டைனோ இயந்திரத்தில் எடுத்த திறன் வரைபடம். அழகாக, வண்ணத்தில், உச்சத்தில் 480 குதிரைத்திறன் என்று அம்புக்குறி போட்டு. அதை அச்சடித்து மேசையில் வைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இடது ஓரத்தைப் பார்த்தேன். கோடு தொடங்குவது 2,200 சுழற்சியில். அதற்குக் கீழே வெள்ளைத் தாள். நான் வருடம் முழுவதும் வண்டி ஓட்டும் பகுதி முழுக்க அந்த வெள்ளைத் தாளில் இருக்கிறது. 2,200-க்குக் கீழே என்ன நடக்கிறது என்று உங்கள் டைனோவுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் காட்டவில்லை.

இன்னொன்று. உங்கள் டைனோ இருப்பது டொராண்டோவில், ஏரிக்கரை மட்டத்தில். கால்கரியே கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல். கணவாய் 1,627 மீட்டர். உங்கள் ஊரில் காற்றழுத்தம் பதினாலரை பிஎஸ்ஐ என்றால் உச்சியில் பன்னிரண்டு. முப்பது பிஎஸ்ஐ பூஸ்ட் வேண்டுமென்றால் உங்கள் ஊரில் கம்ப்ரசர் காற்றை மூன்று மடங்கு அழுத்தினால் போதும். இங்கே மூன்றரை மடங்கு. குறைந்த காற்றோட்டத்தில் கூடுதல் அழுத்தம் கேட்டால் பெரிய கம்ப்ரசர் பிடி தவறிக் காற்றைத் திருப்பித் துப்பும். கியர் மாற்றும்போதெல்லாம் பானெட்டுக்குள் யாரோ தொண்டையைச் செருமுவதுபோல ஒரு சத்தம் வருகிறது என்று எழுதினேனே, அது இதுதான். "செயல்திறன் டர்போக்களில் இயல்பானது" என்று பதில் எழுதினீர்கள். தொடர்ந்து அப்படித் துப்பினால் தண்டைத் தாங்கும் பேரிங் என்ன ஆகும் என்று உங்கள் மெக்கானிக்கைக் கேட்டுப் பாருங்கள்.

அந்த 66 மோசமான டர்போ என்று நான் சொல்லவில்லை. காலி வண்டியைக் கால்மைல் ஓட்டப்பந்தயத்தில் விடுகிற இளைஞன் ஒருவன் அதை வாங்கினால் உங்களைக் கொண்டாடுவான். அவனுக்கு விற்க வேண்டியதை எனக்கு விற்றீர்கள்.

இப்போது பழைய ஹோல்செட்டையே திரும்பப் பொருத்தி ஓட்டுகிறேன். அறுத்த குழாயை மறுபடியும் பழைய அளவுக்கு வெல்டிங் செய்ய வேண்டியிருந்தது. டர்போவின் விலை 2,480. பொருத்திய கூலி 940. குழாய்களும் வெல்டிங்கும் 310. கழற்றிப் பழையதைப் பொருத்த 520. ஆக 4,250 டாலர். எல்லா ரசீதுகளின் நகலும் இத்துடன் இருக்கிறது. வேலையில்லாமல் வண்டி நின்ற நாள்களுக்கு நான் கணக்கு எழுதவில்லை.

பொருத்திய பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்பது உங்கள் விதி என்று தம்பி சொன்னார். பொருத்தாமல், மேட்டில் ஏற்றிப் பார்க்காமல் இது ஒத்துவராது என்று எனக்கு எப்படித் தெரியும்? பெட்டியை முகர்ந்து பார்த்தா? ஒன்டாரியோவின் பொருள் விற்பனைச் சட்டமும் சரி, ஆல்பர்ட்டாவின் சட்டமும் சரி, வாங்குகிறவர் தன் தேவையைச் சொல்லி, விற்கிறவரின் தேர்ச்சியை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்கின்றன. என் தேவை உங்கள் படிவத்தில், உங்கள் கட்டத்தில் எழுத்தில் இருக்கிறது. அதன் நகலும் இணைப்பில் இருக்கிறது.

4,250 டாலரையும் திருப்பித் தர வேண்டும் என்று கேட்கிறேன். அது முடியாது என்றால், டி3 விளிம்போடு, இடைத்தகடு இல்லாமல், வேஸ்ட்கேட் இணைப்போடு நேராகப் பொருந்தும் 63 ஒன்றை அனுப்பி, மேற்சொன்ன 1,770 டாலர் செலவை மட்டும் கொடுத்தாலும் ஒத்துக்கொள்வேன். எதுவானாலும் அதன் கம்ப்ரசர் வரைபடம் முதலில் என் கைக்கு வர வேண்டும். உங்கள் விளம்பரப் பக்கத்தில் இருக்கும் "போல்ட் மாட்டினால் போதும்" என்பதன் கீழே தகடு, குழாய், வெல்டிங், எச்சரிக்கை விளக்கு நான்கையும் எழுதிவையுங்கள். என்னைப் போல் இன்னொருவர் சனிக்கிழமையை இழக்காமல் இருப்பார். மூன்று வாரத்தில் பதில் இல்லையென்றால் நுகர்வோர் புகாராகவும், தேவைப்பட்டால் வழக்காகவும் கொண்டுபோவேன்.

டர்போவைத் துடைத்து, வாய் இரண்டையும் துணியால் அடைத்து, நீங்கள் அனுப்பிய அதே பெட்டியில் வைத்திருக்கிறேன். 66 மில்லிமீட்டர் சக்கரத்தில் ஒரு கீறல் இல்லை. கூரியரை நீங்களே ஏற்பாடு செய்து அனுப்புங்கள். செவ்வாயும் வெள்ளியும் தவிர மற்ற நாள்களில் வீட்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்.

பி.கு.: பெட்டியில் இடைத்தகட்டுக்கு இரண்டு கேஸ்கட் இருந்தன, எண்ணெய் வடிகுழாய்க்கு ஒன்றுகூட இல்லை. அதை மெக்கானிக் தன் அலமாரியிலிருந்து எடுத்துப் போட்டார். அதற்கு அவர் பணம் வாங்கவில்லை, அதனால் கணக்கில் சேர்க்கவில்லை.