வட அயர்லாந்து: 1998-க்குப் பிறகு நடந்ததையும் பேசுவோம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வட அயர்லாந்து என்றாலே நம் பத்திரிகைகளில் 1998 புனித வெள்ளி ஒப்பந்தம், அதற்கு உழைத்த தலைவர்கள் ஜான் ஹியூமுக்கும் டேவிட் டிரிம்பிளுக்கும் நோபல் பரிசு என்று எழுதி அத்தோடு முடித்துவிடுகிறார்கள். முப்பது ஆண்டில் சுமார் 3,500 பேரைப் பலிகொண்ட சண்டை நின்றது சின்ன விஷயம் இல்லை, அதை நான் ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்த ஒப்பந்தத்தில் பிறந்த அரசு எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

பிரிட்டனோடு இருக்க விரும்பும் யூனியனிஸ்டுகளும் அயர்லாந்தோடு சேர விரும்பும் தேசியவாதிகளும் சேர்ந்துதான் ஆள வேண்டும் என்பது விதி. முதலமைச்சர் ஒரு தரப்பு, துணை முதலமைச்சர் மறு தரப்பு. பெயரில்தான் துணை, அதிகாரம் இருவருக்கும் சமம், ஒருவர் விலகினால் மற்றவர் பதவியும் போய்விடும். 1921-லிருந்து ஐம்பது ஆண்டு யூனியனிஸ்டுகளே தனியாக ஆண்டதையும், வீடு, வேலை, ஓட்டு என்று, பெரும்பாலும் தேசியவாதிகளான கத்தோலிக்கர்கள் ஒதுக்கப்பட்டதையும் நினைத்தால் இவ்வளவு கண்டிப்பு ஏன் என்று புரியும். எதற்கும் இணங்காதவர் என்று பெயரெடுத்த யூனியனிஸ்ட் தலைவர் இயான் பெய்ஸ்லியும், அயர்லாந்தோடு சேர ஆயுதம் ஏந்திய ஐ.ஆர்.ஏ. இயக்கத்தின் தளபதியாக இருந்த மார்ட்டின் மெக்கின்னஸும் 2007-ல் ஒன்றாக ஆட்சிக்கு வந்து, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துப் பேசினார்கள். இந்த விதி இல்லாவிட்டால் அது நடந்தே இருக்காது.

சரி, அதே விதிதான் பலமுறை ஊரை முடக்கியும் போட்டது. 2002 முதல் 2007 வரை ஸ்டோர்மான்டில் இருக்கும் வட அயர்லாந்து சட்டமன்றம் செயல்படவில்லை. 2017 ஜனவரியில் தேசியவாதிகளின் பெரிய கட்சியான ஷின் ஃபெய்ன் விலகியது, மூன்று ஆண்டு அரசு இல்லை. 2022-ல், ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகியதால் (பிரெக்சிட்) வந்த வர்த்தக ஏற்பாட்டை எதிர்த்து ஜனநாயக யூனியனிஸ்ட் கட்சி விலகியது, மறுபடி இரண்டு ஆண்டு. கூட்டினால் ஒன்பது ஆண்டுக்கு மேல் வருகிறது. அமைச்சரே இல்லாதபோது பெரிய முடிவுகளை யார் எடுப்பது? பிரிட்டனிலேயே மருத்துவமனைச் சிகிச்சைக்கு அதிக காலம் காத்திருப்பவர்கள் இந்த மக்கள்தான், அவர்களில் இரு தரப்பு நோயாளிகளும் இருக்கிறார்கள்.

அப்புறம் இன்னொன்று. ஒவ்வோர் உறுப்பினரும் தன்னை யூனியனிஸ்ட், தேசியவாதி, மற்றவர் என்று பதிவு செய்துகொள்ள வேண்டும். இரு தரப்பின் ஒப்புதலும் வேண்டிய முக்கிய வாக்கெடுப்புகளில் 'மற்றவர்' ஓட்டுக்கு அந்த மதிப்பு கிடையாது. 2022 தேர்தலில் எந்தப் பக்கமும் சேராத அலையன்ஸ் கட்சி 90-ல் 17 இடம் பிடித்தது. இவர்களுக்கு ஓட்டுப்போட்டவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? பெல்ஃபாஸ்டில் இரு தரப்புத் தெருக்களையும் பிரிக்கும் சுவர்களை 2023-க்குள் அகற்றுவோம் என்று அரசே அறிவித்தது, இன்னும் நிற்கின்றன. பெரும்பாலான பிள்ளைகள் இன்றும் தனித்தனிப் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள்.

அதிகாரப் பகிர்வைக் கைவிடச் சொல்லவில்லை. சேர்ந்து ஆளும் கடமை இருக்கட்டும், தனியாகக் கவிழ்க்கும் உரிமையைத்தான் எடுக்க வேண்டும். ஒரு கட்சி பதவியேற்க மறுத்தால் அந்த இடம் அடுத்த கட்சிக்குப் போகட்டும், எல்லா உறுப்பினர் ஓட்டும் ஒரே மாதிரி எண்ணப்படட்டும். 2027 தேர்தலுக்கு முன்பே பிரிட்டன் அரசும் அயர்லாந்து அரசும் கட்சிகளோடு உட்கார்ந்து இதைப் பேசி முடிக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், மதுரை