ஊர் நலச் சங்கத்தின் 2025-ஆம் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகிகளே, தாய்மார்களே, சங்க உறுப்பினர்களே, வணக்கம்.

ராமேஸ்வரம் தீவிலிருக்கும் நம் ஊருக்கு இது தலைவர் இல்லாத ஆண்டு. சங்கத்துக்கு அல்ல, ஊராட்சிக்கு. 2019 டிசம்பரில் நாம் தேர்ந்தெடுத்தவர்களின் பதவிக்காலம் ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. தேர்தல் நடக்காததால் தனி அலுவலர் பொறுப்பில் ஊராட்சி ஓடுகிறது. முன்பு தெருவிளக்கு எரியவில்லை என்றால் வார்டு உறுப்பினர் வாசலில் நின்று சத்தம் போடலாம். இப்போது மனு எழுதிக்கொண்டு பாலம் தாண்டி ஒன்றிய அலுவலகம் போக வேண்டும். கடலுக்குப் போகிறவருக்கு அன்றைய மீன்பாடு போச்சு.

சங்கம் அதிகம் அலைந்தது குப்பைக்காகத்தான். 2022 டிசம்பரிலிருந்து அக்கரையில் மண்டபம் ஊரோடு நின்றிருந்த ரயில், ஏப்ரல் 6-ஆம் தேதி புதிய பாம்பன் பாலம் திறந்ததும் மறுபடி தீவுக்குள் வந்தது. சந்தோஷம்தான். கூட்டமும் கூடியது. சாலையில் ராமேஸ்வரத்துக்கோ தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கோ போகிற வண்டி எதுவானாலும் நம் ஊர் வழியாகத்தான் போகிறது. டீ கப்பும் தண்ணீர் பாட்டிலும் நம் எல்லையில் விழுகின்றன. விடுதிகளின் வரியில் பெரும்பகுதி ராமேஸ்வரம் நகராட்சிக்குப் போகிறது. நமக்கு மானியம் குடியிருப்போர் தலையை எண்ணி வருகிறது, அதுவும் 2011 கணக்குப்படி. வந்துபோகிறவர் தலையை எண்ண ஆளில்லை, அவர் போட்டதை அள்ள மட்டும் நம் தூய்மைக் காவலர்கள். இந்தக் கூட்டத்தையும் கணக்கில் எடுத்து நிதியும் ஆட்களும் தர வேண்டும் என்று ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானம் கொண்டுவந்தோம். பதிவேட்டில் ஏறியது. பதில் வரவில்லை.

அள்ளினாலும் எங்கே கொட்டுவது? மற்ற ஊராட்சிகள் ஊருக்கு வெளியே ஒரு புறம்போக்கைப் பார்த்துக்கொள்ளும். நமக்கு ஊருக்கு வெளியே என்றால் கடல். கரையோரம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் வருகிறது, தெற்கே மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா. சட்டம் சரியானது, அதில் சங்கத்துக்கு மறுப்பில்லை. ஆனால் அக்கரைக்கு ஏற்றிப்போக டீசல் காசு யார் தருவது? இருப்பதும் 1988-இல் திறந்த ஒரே சாலைப் பாலம். அதன்மேல் வண்டியை நிறுத்தி ரயிலைப் படம் பிடிக்கிறார்கள்; பின்னால் ராமநாதபுரம் போகிற ஆம்புலன்ஸ் நிற்கிறது. பாலத்தில் வண்டி நிறுத்தாமல் பார்த்துக்கொள்ளக் காவல்துறைக்கு மனு கொடுத்துள்ளோம். விடுமுறை நாட்களில் கொஞ்சம் பலன் தெரிகிறது.

தண்ணீரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் மணலுக்கடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீர்மேல் மெல்லிய படலமாகத்தான் நிற்கிறது. ஆழ்துளை போட்டு லாரி லாரியாக உறிஞ்சினால் உவர் ஏறிவிடும். விற்பனைக்கு எடுப்பதைக் கட்டுப்படுத்தக் கேட்டிருக்கிறோம். உறுப்பினர்களிலேயே சிலர் மோட்டார் வைத்து விற்கிறார்கள் என்பதையும் இந்தச் சபையில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மீன்பிடித் தடைக்காலத்தில் இளைஞர்கள் கரையில் கிடந்த அறுந்த வலைகளைப் பொறுக்கிச் சேர்த்தார்கள்; அவர்களுக்குச் சங்கத்தின் நன்றி.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் கூட்டம் கலைவதற்குள் அவரைப் பார்க்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்