மாத்திரை போடும் நேரம்

அன்பு மகளுக்கு,

மனச்சோர்வுக்கான எஸ்சிட்டலோப்ராம் மாத்திரை 10 மில்லிகிராம் ஆரம்பித்ததிலிருந்து மத்தியானம் 1 மணிக்குக் கண் சொருகுகிறது, வேலையே ஓடவில்லை என்று எழுதியிருந்தாய். காலை 8 மணிக்குப் போடுகிறாய் அல்லவா? விழுங்கி ஏறக்குறைய 5 மணி நேரத்தில் அது ரத்தத்தில் உச்சத்துக்கு வரும். கணக்குப் போட்டுப் பார், சரியாக 1 மணிதான்.

இந்த மாத்திரையின் பலன் வாரக்கணக்கில் மெல்லக் கூடிவருவது. காலையில் போட்டாலும் இரவில் போட்டாலும் அதில் வித்தியாசம் இல்லை. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு இரவுக்கு மாற்றிப் பார். ஒரே நாளில் காலை ஒன்று, இரவு ஒன்று என்று மட்டும் போட்டுவிடாதே, அது இரட்டை டோஸ். முதல் நாள் மத்தியானம் 12 மணி, மறுநாள் மாலை 4, அதற்கடுத்த நாள் இரவு 8 என்று தள்ளிக்கொண்டே போனால் போதும். லீவு நாளில் ஆரம்பி, இடையில் தூக்கம் இன்னும் கண்டபடி வரும். உடம்பில் மருந்து பாதியாகக் குறையவே ஒரு நாளுக்கு மேல் ஆவதால் அசதி முழுக்கப் போய்விடாது. உச்சம்தான் நீ தூங்கும் நேரத்துக்கு நகரும்.

இரவுக்கு மாற்றியபின் படுத்தால் தூக்கம் வராமல் புரண்டாலோ, கனவுகள் தொல்லை செய்தாலோ காலைக்கே திரும்பிவிடு. சிலருக்கு இதே மாத்திரை தூக்கத்தைக் கெடுக்கும். யாருக்கு எப்படி என்று போட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஆரம்பத்து அசதி முதல் இரண்டு வாரங்களில் பெரும்பாலும் தானே தணியும், அவசரப்பட்டு நிறுத்தாதே.

டாக்டர் மிர்டாசபைன் என்ற இன்னொரு மனச்சோர்வு மாத்திரை பற்றிப் பேசினார் என்றாயே, அதைக் கவனமாகக் கேள். அது படுக்கும்போது போடுவது. அதில் ஒரு விநோதம் உண்டு: குறைந்த டோஸில்தான் தூக்கம் அதிகம். 15 மில்லிகிராமில் காலையில் எழ முடியாமல் கிடப்பவர்கள் 30-க்குப் போனதும் தெளிவதுண்டு. கலக்கமாக இருக்கிறது என்று நீயாகப் பாதியாக உடைத்தால் இன்னும் மோசமாகலாம். இதே நோய்க்கான ஃப்ளூஆக்ஸெடின் கொடுத்தால் நேர் எதிர், அதைக் காலையில் போடு. அதே வகையில் வென்லாஃபாக்ஸின் வந்தால் கடிகாரத்தை விட்டு நகராதே. அது உடம்பில் அதிக நேரம் தங்காது. சில மணி நேரம் தவறினாலே சிலருக்குக் கிறுகிறுப்பும், தலைக்குள் மின்சாரம் வெட்டுவது போன்ற உணர்வும் வரும். மெல்லக் கரையும் கேப்சூலாக இருந்தால் கடித்து மெல்லவோ பொடிக்கவோ கூடாது.

எல்லாப் பழியையும் இந்த மாத்திரை மேல் போடுவதற்கு முன் கூட என்ன சாப்பிடுகிறாய் என்று பார். சளிக்கும் அலர்ஜிக்கும் போடும் செட்ரிசின், குளோர்ஃபெனிரமின் இரண்டும் தூக்கத்தைக் கூட்டும். மது அதைவிட மோசம். கலக்கத்தைப் போக்க மாலையில் குடிக்கும் காப்பி இரவைக் கெடுத்து, மறுநாள் கலக்கத்தை அதுவே கொண்டுவரும். விடிகாலை 4 மணிக்கே விழித்துவிட்டு மறுபடி தூங்க முடியவில்லையென்றால், அது மனச்சோர்வின் அறிகுறியாகவே இருக்கலாம்; நேரத்தை மாற்றித் தீராது, டாக்டரிடம் சொல்.

ஒரு வாரம் ஒரு தாளில் நான்கே விஷயம் குறித்து வை: மாத்திரை போட்ட நேரம், தூங்கிய நேரம், எழுந்த நேரம், பகலில் அசந்த நேரம். "எப்போதும் தூக்கமாக இருக்கிறது" என்று சொன்னால் டாக்டருக்கு அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கண் சொருகும் நாட்களில் வண்டி எடுக்காதே.

ஒன்றுக்கு மட்டும் தாளும் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். இரண்டு மூன்று மணி நேரமே தூங்கியும் களைப்பில்லாமல் பரபரவென்று இருந்தாலோ, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினாலோ, அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடு, எனக்கும் போன் செய். நடு ராத்திரியானாலும் சரி.

அன்புடன்,
அம்மா